சவுண்ட் கார்டை ஃபைல் மாதிரி நடத்தாதீர்கள்

புதிதாக ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதுகிறவர்கள் ஆடியோ பக்கம் வந்ததும், டிவைஸைத் திறந்து டேட்டாவை எழுதினால் சத்தம் வந்துவிடும் என்று ஃபைல் போல ஓர் இன்டர்ஃபேஸ் போட்டுவிடுகிறார்கள். லினக்ஸின் பழைய ஆடியோ அமைப்பான ஓஎஸ்எஸ் (ஓப்பன் சவுண்ட் சிஸ்டம்) இந்த வழியில்தான் போனது. ஒரு புரோகிராம் டிவைஸைப் பிடித்துக்கொண்டால், பெரும்பாலான கார்டுகளில் அடுத்ததற்கு இடம் கிடையாது. சவுண்ட் பிளாஸ்டர் லைவ் போன்ற கார்டுகள் பல ஓசைகளைத் தாமே கலந்து கொடுத்தன. இன்றைய லேப்டாப் சிப்பிடம் அதை எதிர்பார்க்க முடியாது. கலப்பது உங்கள் வேலை. அதை 32 பிட் ஃப்ளோட்டில் (தசம எண்களில்) செய்யுங்கள், எல்லையைத் தாண்டும் அளவைக் கடைசிக் கட்டத்தில் மட்டும் வெட்டுங்கள்.

ஆனால் எனக்கு உண்மையிலேயே கவலை தருவது கடிகாரம்தான். 48,000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிள் (ஓசையின் ஒவ்வொரு கண அளவு) என்பது பெயருக்குத்தான். கார்டில் கடிகாரமாக இருக்கும் கிரிஸ்டல் கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோதான் துடிக்கும். யூஎஸ்பி மைக்கில் பேசி லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்கிறீர்கள், இரண்டு கிரிஸ்டலுக்கும் பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்று வையுங்கள். நொடிக்கு 2.4 சாம்பிள். ஒன்றுமே இல்லை போலத் தோன்றும், ஆனால் 1,024 சாம்பிள் இருப்பு வைத்திருந்தால் சுமார் ஏழு நிமிடத்தில் அது தீர்ந்து 'டிக்' என்று வெட்டும். ஐந்து நிமிடம் டெஸ்ட் செய்துவிட்டு எல்லாம் சரி என்று அனுப்புகிறவர் கண்ணில் இது படவே படாது! சிஸ்டம் நேரத்தையும் கார்டு எந்த சாம்பிளில் நிற்கிறது என்பதையும் சேர்த்தே அப்ளிகேஷனுக்குக் கொடுங்கள், சாம்பிள் வேகத்தை மாற்றிக் கொடுக்கும் ரீசாம்பிளர் அந்த விகிதத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளட்டும்.

பஃபர் (சாம்பிள்கள் காத்திருக்கும் இடம்) அளவை எல்லோருக்கும் ஒன்றாக வைப்பதும் வேண்டாம். கிதார் வாசிப்பவருக்கு 256 சாம்பிள், அதாவது 5.3 மில்லிசெகண்ட் வேண்டும். பாட்டு மட்டும் கேட்பவருக்குப் பெரிய பஃபர் போதும், பேட்டரியும் மிச்சம்.

அப்புறம், அந்த 5.3 மில்லிசெகண்டுக்குள் ஓடும் கால்பேக்கில் (அடுத்த பஃபரை நிரப்ப சிஸ்டம் கூப்பிடும் ஃபங்ஷனில்) மெமரி கேட்பது, லாக்குக்குக் காத்திருப்பது, டிஸ்க்கைத் தொடுவது எதுவும் கூடாது. சராசரி வேகம் நன்றாக இருக்கிறது என்று சமாதானம் ஆகாதீர்கள். ஒரே ஒரு தடவை தாமதமானாலும் காது கண்டுபிடித்துவிடும்.

ஹெட்ஃபோனைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதையும் முதல் நாளே யோசியுங்கள். பஸ்ஸில் வயர் கழன்றதும் பாட்டு ஸ்பீக்கரில் அலறக் கூடாது என்பதற்காகவே ஆண்ட்ராய்டு, 'சத்தம் வெளியே கேட்கப் போகிறது' என்று அப்ளிகேஷன்களுக்குத் தனி அறிவிப்பு அனுப்புகிறது.