ஹேமக்கை இழுத்துக் கட்டாதீர்கள்

சென்னையில் வெயில் ஏறத் தொடங்கியதும் மொட்டை மாடிகளில் ஹேமக்குகள், அதாவது இரு முனைகளிலும் கட்டித் தொங்கவிடும் துணிப் படுக்கைகள், முளைத்துவிடுகின்றன. மாலையில் கடற்காற்று வந்ததும் படுத்துக்கொள்ளலாம் என்று ஆசையாக வாங்குகிறார்கள். சில நாட்களிலேயே முதுகு வலி, கழுத்து வலி என்று மடித்துப் பரணில் போட்டுவிடுகிறார்கள். தெரிந்தவர்கள் வீடுகளுக்குச் சரிசெய்து தரப் போகும்போதெல்லாம் அதே தவறுகளைத்தான் பார்க்கிறேன். எல்லாமே தொடக்கத்தில் எனக்கும் பழக்கமானவை. முடிச்சு அவிழ்வது, கிழிந்த துணியில் படுப்பது போன்றவற்றை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

இழுத்துக் கட்டுவது

எத்தனை பேரிடம் சொன்னாலும் தீராத தவறு இது. இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான்.

திருவான்மியூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. புதிதாக ஹேமக் வாங்கிய இளைஞர் ஒருவர், மாடிப்படி அறையின் சுவரில் மார்பளவு உயரத்தில் ஒரு கொக்கி அடித்தார். மறுமுனையைத் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் தூணில், அதே உயரத்தில் கட்டினார். படுத்தார், இடுப்பு தரையைத் தொட்டது. கயிற்றை இறுக்கினார். தரை தட்டவில்லை, ஆனால் தோள் நெருக்கியது. தொய்வு இன்னும் இருப்பதால்தான் நெருக்குகிறது என்று நினைத்து மேலும் இறுக்கினார். நாலைந்து நாள் இப்படியே போனது. ஒரு மாலை, கொக்கி பூச்சோடும் செங்கல் துண்டோடும் பெயர்ந்து வர, அவர் இடுப்பு அடிபட விழுந்தார். எக்ஸ்ரே, கொத்தனார் கூலி, சுவருக்குப் பூச்சு, பெயின்ட் என்று ஹேமக்கின் விலையைப் போலப் பல மடங்கு செலவு. “நன்றாக இழுத்துத்தானே சார் கட்டினேன்?” என்று என்னிடம் கேட்டார். நன்றாக இழுத்ததால்தான் வந்தது அத்தனையும்.

கட்டில் தட்டையாக இருக்கிறது, ஆகவே ஹேமக்கும் விறைப்பாக இருந்தால்தான் உடம்பு தட்டையாகக் கிடக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஹேமக்கின் இரு முனைகளும் சுருக்கிக் கட்டப்பட்டவை. அதை இழுக்க இழுக்க நடுப்பகுதி தட்டையாவதில்லை. ஓரங்கள் இரண்டும் விறைத்து எழும்பித் தோள்களை உள்நோக்கி அழுத்துகின்றன. உடம்பு நடுக்கோட்டிலேயே மாட்டிக்கொள்கிறது, முதுகு வளைகிறது, முழங்கால் பின்பக்கமாக அழுந்துகிறது. புரண்டு படுக்கத் துணியில் தளர்வே மிஞ்சுவதில்லை.

சுவருக்கு நேர்வது இதைவிட மோசம். 75 கிலோ எடையுள்ள ஒருவர் படுத்திருக்கும்போது, ஹேமக்கைக் கொக்கியோடு இணைக்கும் கயிறோ பட்டையோ கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்திருந்தால், ஒவ்வொரு முனையிலும் 75 கிலோ இழுவிசை. சாய்வு 10 டிகிரியாகக் குறைந்தால் அது சுமார் 216 கிலோ. 5 டிகிரியானால் 430 கிலோ. ஆள் அதே ஆள்தான், இறுக்கியது மட்டுமே கூடுதல். தொப்பென்று உட்கார்ந்தால் இன்னும் ஏறும்.

ஆகவே கொக்கியை உயர்த்துங்கள், கயிற்றைத் தளர்த்துங்கள். இறுக்க வேண்டிய நிலை வருவதே தாழ்வாகக் கட்டுவதால்தான். கடைகளில் அதிகம் கிடைக்கும் 270 செ.மீ. ஹேமக்கை 4 மீட்டர் இடைவெளியில் கட்டுவதானால், கட்டும் இடம் ஏறத்தாழ 170 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். பார்ப்பதற்கு அநியாய உயரமாகத் தெரியும், தொளதொளவென்று தொங்கும். பயப்பட வேண்டாம். ஒருவரை அதில் உட்கார வைத்துப் பாருங்கள்: துணி தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், நாற்காலி மட்டத்தில் நின்றால் சரி.

30 டிகிரியை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஆள் படுத்திருக்கும்போது பட்டையில் இரண்டு அடி நீளத்தை அளந்து பாருங்கள். அந்த இரண்டு அடிக்குள் பட்டை ஓர் அடி இறங்கியிருந்தால் அதுதான் 30 டிகிரி. அரையடிதான் இறங்கியிருக்கிறது என்றால் இன்னும் இறுக்கமாக இருக்கிறது.

ஒவ்வொரு முறையும் அளக்கச் சலிப்பாக இருந்தால் ஹேமக்கின் இரு முனைகளையும் மேலாக இணைக்கும் ஒரு முகட்டுக் கயிற்றைப் போட்டுவிடலாம். அதன் நீளம் ஹேமக்கின் நீளத்தில் 83 சதவீதம் அளவில் இருக்கட்டும், 270 செ.மீ. ஹேமக்குக்கு 224 செ.மீ. அதன்பின் தூண்களுக்கிடையே தூரம் மாறினாலும் துணியின் தொய்வு மாறாது. படுத்தபின் அந்தக் கயிறு இரண்டு விரலால் வளைக்க வருமளவு இருக்க வேண்டும். வீணைத் தந்தி போல விண்ணென்று நின்றால் பட்டையைத் தளர்த்துங்கள்.

நீளவாக்கில் படுப்பது

சரியான தொய்வு கிடைத்தபிறகும் நடுக்கோட்டில் நேராகப் படுத்தால் முதுகு வளையத்தான் செய்யும். தலையை ஒரு பக்கமும் காலை எதிர்ப்பக்கமுமாகத் தள்ளி, குறுக்காகப் படுங்கள். துணி விரிந்து உடம்பு ஏறக்குறையச் சமமாகக் கிடக்கும். மெக்சிகோவின் யுகடான் பகுதியில் மாயா மக்கள் தலைமுறைகளாக இரவுத் தூக்கத்தையே ஹேமக்கில்தான் கழிக்கிறார்கள். அங்கே குறுக்காகப் படுப்பதுதான் வழக்கம். கெண்டைக்காலுக்கு அடியில் துணி மடிந்து உறுத்தினால் முழங்காலுக்குக் கீழே சிறு தலையணை வையுங்கள், அல்லது எதிர்த் திசையில் குறுக்காகப் படுத்துப் பாருங்கள். இடதும் வலதும் எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை.

ஐந்தே முக்கால் அடிக்கு மேல் உயரமுள்ளவர்களுக்கு 270 செ.மீ. துணியில் குறுக்காக நீட்டிப் படுக்க இடம் போதாது. அவர்கள் 10, 11 அடி நீளமுள்ளதை வாங்குவதே நல்லது.

தலைப்பக்கத்தை உயர்த்துவது

உயர்த்த வேண்டியது கால்பக்கத்தை. உடம்பின் பாரம் இடுப்பிலும் மார்பிலும் இருப்பதால், இரு முனையும் ஒரே உயரத்தில் இருந்தாலே ஆள் கால்பக்கமாக வழுக்கிக்கொண்டு போவார். கால்பக்கத்துக் கட்டு 15 முதல் 25 செ.மீ. வரை உயரமாக இருக்கட்டும்.

ஊஞ்சல் கொக்கியில் மாட்டுவது

பழைய மயிலாப்பூர் வீடுகளின் கூடத்தில் ஊஞ்சல் கொக்கிகள் இன்றும் உறுதியாக இருக்கின்றன. நாலு பேர் உட்கார்ந்து ஆடியதைத் தாங்கிய கொக்கி, ஒருவரைத் தாங்காதா என்று கேட்கிறார்கள். ஊஞ்சலும் குழந்தையின் தூளியும் பெரும்பாலும் கீழ்நோக்கி இழுப்பவை. ஹேமக் பக்கவாட்டில் இழுக்கிறது. சரியாக 30 டிகிரியில் கட்டினாலும், 75 கிலோ ஆளுக்குப் பக்கவாட்டு இழுப்பு மட்டும் ஒவ்வொரு முனையிலும் 65 கிலோ. அந்தக் கொக்கி இதற்காகப் பதிக்கப்பட்டதல்ல.

கான்கிரீட் தூணில் ஆங்கர் போல்ட் போட்டு மாட்டுங்கள், அல்லது தூணையே பட்டையால் சுற்றுங்கள். செங்கல் சுவரில் பிளாஸ்டிக் பிளக் வைத்து மாட்டவே கூடாது. மாடியின் கைப்பிடிச் சுவரோ தனியாக நிற்கும் செங்கல் தூணோ இழுப்பில் சாய்ந்தால் ஹேமக்கின் பக்கமாகத்தான் சாயும். அதாவது, படுத்திருப்பவரின் மேல். குழந்தைகள் ஏறி ஆடும் வீடுகளில் இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

தென்னையில் கட்டுவது

தேங்காயும் மட்டையும் சொல்லிவிட்டு விழுவதில்லை.

முருங்கையில் கட்டுவது

முருங்கை பருத்தால் தூணாகுமா?

மெல்லிய நைலான் கயிறு

நைலான் பாரத்தில் நீளும், நனைந்தால் இன்னும் நீளும். ஐப்பசி மழையில் நனைந்த கயிற்றில் படுத்தால் விடிவதற்குள் முதுகு தரையில் இருக்கும். மெல்லிய கயிறு வேம்பின் பட்டையை அறுத்து, அதற்கடியில் உள்ள உயிர்த்திசுவையும் நசுக்கும். குறைந்தது ஓர் அங்குல அகலமுள்ள பாலியஸ்டர் பட்டை வாங்குங்கள்.

கொசு

கீழிருந்து, துணி வழியாகவே கடிக்கும். இரட்டைத் துணி ஹேமக்காக வாங்குங்கள், அல்லது அடியில் கனமான போர்வையை விரியுங்கள்.

கட்டியதை மறந்துவிடுவது

மே மாத வெயில் துணியின் வலுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். எழுந்ததும் கழற்றி உள்ளே வையுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று சாதாரண இரும்புக் கொக்கியைச் சீக்கிரமே அரித்துவிடுகிறது. வெளியே தெரியும் வளையத்தைவிடச் சுவருக்குள் இருக்கும் தண்டுதான் முதலில் பலவீனமாகலாம். துருப்பிடிக்காத எஃகில் 316 ரகம் விலை கூடுதல்தான், கடலோரத்தில் அதையே போடுங்கள். மாதம் ஒருமுறை கொக்கியைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தாலோ, அதன் கீழே சுவரில் துருநீர் வழிந்த தடம் தெரிந்தாலோ அன்றே மாற்றிவிடுங்கள்.