பொதுப்பணத்தில் அளந்த மலை: கியூஜிஐஎஸ்ஸில் முதல் நிழல் வரைபடம்

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பூமியைச் சுற்றி, ரேடாரால் மேடுபள்ளங்களை அளந்தது. எஸ்ஆர்டிஎம் எனப்படும் அந்தத் தரவு, சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற நுட்பத்தில், அமெரிக்காவுக்கு வெளியே உள்ள பகுதிகளுக்கு 2014 இறுதியிலிருந்துதான் எல்லோருக்கும் திறந்தது. ஒரு மாணவி தன் கண்ணெதிரே இருக்கும் மலையைத் தானே வரைந்து பார்க்க இன்று காசு தேவையில்லை. இதைவிட நல்ல செய்தி இந்தத் துறையில் எனக்குத் தெரியாது.

படி 1: கியூஜிஐஎஸ்ஸை நிறுவுங்கள். 2002இல் தொடங்கிய, வரைபடம் வரையும் திறமூல மென்பொருள் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

படி 2: நாசாவின் எர்த்டேட்டா தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி, உங்கள் பகுதியின் கோப்பை இறக்குங்கள். ஒவ்வொரு கோப்பும் ஒரு பாகைக்கு ஒரு பாகைச் சதுரம். தென்மேற்கு மூலையின் அட்ச, தீர்க்க ரேகைதான் அதன் பெயர். கோப்பை அப்படியே இழுத்துக் கியூஜிஐஎஸ்ஸில் போட்டால் சாம்பல் நிறப் படம் வரும்.

படி 3: இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். உடனே ஹில்ஷேட் (சரிவுகளில் ஒளியும் நிழலும் விழுவதுபோல் காட்டும் படம்) போட்டால் மலையே தெரியாது. கறுப்பும் வெளுப்புமாகக் கசங்கிய காகிதம்போல ஏதோ வரும். காரணம், உயரம் மீட்டரில் இருக்கிறது, கிடைத்தூரம் பாகையில் இருக்கிறது. மென்பொருள் இரண்டையும் ஒரே அலகாக எடுத்துக்கொள்வதால் சின்னச் சரிவும் செங்குத்துச் சுவராகிவிடுகிறது.

அதனால் முதலில் யுடிஎம்முக்கு, அதாவது பூமியை மண்டலங்களாகப் பிரித்துத் தூரத்தை மீட்டரில் சொல்லும் முறைக்கு, மாற்றுங்கள். உங்கள் மண்டலத்தை அறிய, தீர்க்கரேகையோடு 180 கூட்டி, 6ஆல் வகுத்து, முழு எண்ணை மட்டும் வைத்து 1 சேருங்கள். கிழக்கு 100 பாகை என்றால் 280 ÷ 6 = 46.67, ஆகவே மண்டலம் 47. வடகோளத்தில் அதன் ஈபிஎஸ்ஜி எண் (மென்பொருள் அதை அடையாளம் காணும் எண்) 32647, தென்கோளத்தில் 32747. ராஸ்டர் மெனுவில் ப்ரொஜெக்ஷன்ஸ், அதற்குள் வார்ப். அங்கே இந்த எண்ணைக் கொடுங்கள். ரீசாம்ப்ளிங்கில் (புதிய கட்டங்களுக்கு உயரம் கணக்கிடும் வழி) பைலீனியர் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். நியரஸ்ட் நெய்பர் என்றே விட்டால், நிழலில் துணி நெசவுபோலக் கோடுகள் விழும்.

படி 4: ராஸ்டர், அனாலிசிஸ், ஹில்ஷேட். இப்போது மலை எழுந்து நிற்கும். சமவுயரக் கோடு வேண்டுமென்றால் எக்ஸ்ட்ராக்ஷனில் கான்டூர். இடைவெளி 20 மீட்டர் வைத்துப் பாருங்கள்.

ஐடென்டிஃபை கருவியால் உச்சியைத் தொட்டால், மலையில் உள்ள பலகையில் எழுதிய உயரத்தைவிடக் குறைவாகக் காட்டலாம். 30 மீட்டர் கட்டத்துக்கு ஒரே எண் என்பதால் கூரிய முனை மழுங்கிவிடுகிறது. அடர்காட்டில் ரேடார் பெரும்பாலும் மரங்களின் மேற்பகுதியிலேயே திரும்பிவிடும், தரையை எட்டாது. இந்தத் தரவை நம்பி வடிகால் மட்டம் குறிக்காதீர்கள்.