காலையில் மட்டும் இறுகிய கியர்: என் அனுபவம்

மார்கழிக் காலையில் வண்டியை எடுத்தால் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகவே போகாது. இன்ஜின் சூடானால் மட்டும் போதாது. மஞ்சக்குப்பத்திலிருந்து முதுநகர் போய்ச் சேரும் நேரத்தில்தான் வெண்ணெயாக இளகும். கடலூர்க் குளிர் என்ன பெரிய குளிரா என்று தோன்றும், ஆனாலும் இறுகியது.

கிளட்ச் போய்விட்டது, மாற்றிவிடலாம் என்றார் ஒரு மெக்கானிக். உப்புக்காற்றில் கியர் கேபிள் துருப்பிடித்திருக்கும் என்றார் இன்னொருவர். கிரீஸ் போட்டும் பலனில்லை.

இன்ஜினை அணைத்துவிட்டுப் போட்டால் எல்லாக் கியரும் சுலபமாக விழுந்தன. ஆக, கேபிள் இல்லை. இன்ஜின் ஓடும்போது கிளட்சை மிதித்துச் சில நொடி பொறுத்து ரிவர்ஸ் போட்டேன். என் வண்டியில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர் விழுமுன் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) கிடையாது. கிளட்ச் இன்ஜினை முழுசாகப் பிரிக்காவிட்டால் கரகரக்கும். சத்தமே இல்லை. கிளட்சும் தப்பித்தது.

மிச்சம் கியர்பாக்ஸ் ஆயில்தான். பழைய பில்லைத் தேடினால், போன சர்வீஸில் ஊற்றியது 80W-90, ஜிஎல்-5. கையேட்டில் இருப்பது 75W-90, ஜிஎல்-4. W-க்கு முன்னால் உள்ள எண் பெரிதானால் ஆயில் குளிரில் அதிகக் கெட்டி; ஜிஎல் என்பது கியர் ஆயிலின் வகை. ஆறிய கெட்டி ஆயிலைச் சிங்க்ரோ வளையம் சீக்கிரம் பிதுக்கித் தள்ள முடியாது. ஜிஎல்-5 வழவழப்பில் அதற்குப் பிடிமானமும் குறையலாம்.

மாற்றும்போது ஒன்று: மேலே நிரப்பும் போல்ட்டை முதலில் கழற்றிப் பாருங்கள். அது திறக்காமல் கீழே வடித்துவிட்டால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். சமதளத்தில் நிறுத்தி, கையேட்டில் சொன்ன ஆயிலை நிரப்பும் துளையில் வழியும் வரை ஊற்றினோம். மறுநாள் காலை இரண்டாவது கியர் ஒரே தள்ளில் விழுந்தது. அப்பாடா!