சக்கையில் மின்சாரம்: பாய்லருக்கு முன்பே நடக்கும் தவறுகள்

சர்க்கரை ஆலையில் பாய்லர் அழுத்தத்தை 45 பாரிலிருந்து 87 பாருக்கு உயர்த்தினால் ஒரே அளவு கரும்புச் சக்கையில் கூடுதல் மின்சாரம் கிடைக்கும். சந்தேகமில்லை. ஆனால் புது பாய்லர் வந்த பிறகும் கணக்குப்படி யூனிட் வரவில்லை என்றால், குறை பெரும்பாலும் அரவைப் பகுதியிலோ பாகு காய்ச்சும் பகுதியிலோ இருக்கும்.

முதலில் சக்கையின் ஈரப்பதம். 50 சதவீத ஈரத்தில் ஒரு கிலோ சக்கையின் நிகர வெப்பம் சுமார் 1,800 கிலோகலோரி. ஈரம் 52 ஆனால் ஏறக்குறைய 1,700. எடையை மட்டும் பார்த்தால் சக்கை கூடியதுபோலத் தெரியும், கூடியது தண்ணீர்தான். அடுப்பில் தீ மந்தமாகும், எரியாத கரி சாம்பலோடு போகும். உடனே காற்றைக் கூட்டுவது அடுத்த தவறு. வெப்பம் புகைபோக்கி வழியே போய்விடும். கடைசி மில்லைப் பாருங்கள். உருளையில் சாறு வடியும் பள்ளங்களைச் சுரண்டும் முனைகள் தேய்ந்திருந்தால், பள்ளங்கள் சக்கைத் தூளால் அடைபட்டிருக்கும். பிழிந்த நீர் வெளியேற வழியில்லாமல் சக்கையோடு திரும்பிப் போகும்.

அடுத்தது நீராவி. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேன்களை (பாகு காய்ச்சும் கலன்கள்) தொடங்கினால் எக்ஸாஸ்ட் ஆவியின், அதாவது டர்பைனைச் சுற்றிவிட்டு வெளிவரும் ஆவியின் அழுத்தம் சரியும். சமாளிக்க அழுத்தக் குறைப்பு வால்வைத் திறப்பார்கள். அந்த வழியாகப் போகும் ஆவி டர்பைனைச் சுற்றாமலே போகிறது. பேன்களின் நேரத்தை மாற்றி மாற்றி வையுங்கள். சாறு சூடாக்கவும் பேன்களுக்கும், சாற்றை வற்றவைக்கும் எவாப்பரேட்டரின் இரண்டாம், மூன்றாம் பாடி (கலன்) ஆவியை எடுங்கள். மணிக்கு 100 டன் கரும்பு அரைக்கும் ஆலையில் ஆவித் தேவையைக் கரும்பின் எடையில் 50 சதவீதத்திலிருந்து 40 ஆக்கினால் மணிக்கு 10 டன் ஆவி மிஞ்சும். ஆவியைக் கடைசியில் குளிர்வித்து நீராக்கும் கண்டன்சிங் டர்பைன் இருந்தால் அதிலேயே சுமார் 1 மெகாவாட் வரும். சுற்றிய ஆவியை அழுத்தத்தோடு ஆலைக்கே அனுப்பும் பேக் பிரஷர் டர்பைன் மட்டும் என்றால் மிஞ்சுவது சக்கைதான், மின்சாரமல்ல. இதை மறந்து போடும் திட்டங்கள் ஏராளம்.

உயர் அழுத்த பாய்லருக்குச் சர்க்கரைதான் பெரிய எதிரி. எல்லாப் பாடிகளின் கண்டன்சேட்டையும் (ஆவி குளிர்ந்து கிடைக்கும் நீர்) ஒரே தொட்டியில் விடாதீர்கள். எக்ஸாஸ்ட் ஆவியில் ஓடும் முதல் பாடியின் கண்டன்சேட் மட்டுமே பாய்லருக்கு. எவாப்பரேட்டர் குழாய் ஒன்று ஓட்டையானால் அதில் சாறு கலந்துவிடும். பாய்லருக்குள் சர்க்கரை சிதைந்து அமிலமாகும், பிஹெச் இறங்கும், நுரை ஆவியோடு போய் டர்பைன் பிளேடில் படியும். சோதனை எளிது: சோதனைக் குழாயில் 2 மில்லி மாதிரி, சில சொட்டு ஆல்பா நாஃப்தால் கரைசல், பிறகு அடர் கந்தக அமிலத்தைக் குழாயின் சுவரோரமாக மெல்ல இறக்க வேண்டும். இரண்டும் சேருமிடத்தில் ஊதா வளையம் தெரிந்தால் சர்க்கரை இருக்கிறது. ஆனால் மணிக்கொரு முறை சோதித்தால், வளையம் தெரிவதற்குள் பல டன் நீர் உள்ளே போயிருக்கும். தூய சர்க்கரை மின்கடத்தாது என்றாலும் சாற்றில் உப்புகள் உண்டு. அதனால் மின்கடத்தும் திறனை அளக்கும் கண்டக்டிவிட்டி மீட்டரை வைத்து, அளவு ஏறியதும் நீரைத் தானாகவே வெளியே திருப்பும் வால்வோடு இணையுங்கள்.

சக்கைக் குவியலில் மிச்சச் சர்க்கரை புளித்துச் சூடேறும், தானே தீப்பிடிக்கவும் செய்யும். குவியல்களுக்கிடையே தீயணைப்பு வண்டி நுழைய வழி விடுங்கள்.

சக்கை தீர்ந்ததும் கரும்புத் தோகையை அப்படியே அள்ளிப் போடுவதும் ஆபத்து. அதிலுள்ள பொட்டாசியமும் குளோரினும், ஆவியை மேலும் சூடேற்றும் சூப்பர்ஹீட்டர் குழாயில் பிசுக்காக ஒட்டி உலோகத்தை அரிக்கும். ஆவி 500 டிகிரியைத் தாண்டும் பாய்லர்களில் இது வேகமாக நடக்கும். மண்ணை உதறி, துண்டாக்கி, சக்கையோடு சிறு பங்காகக் கலந்தே எரிக்க வேண்டும்.