விழுந்து எழுந்தபின் மீண்டும் சைக்கிள்: தலைக்கவசம் தேர்ந்தெடுக்கும் முறை

விபத்தில் அடிபட்டுச் சில மாதங்கள் ஓய்வில் இருந்துவிட்டு மீண்டும் சைக்கிளில் ஏற நினைப்பவர், ஆணியில் தொங்கும் பழைய தலைக்கவசத்தை என்ன செய்வது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். விழுந்தபோது அது தரையிலோ வண்டியிலோ மோதியிருந்தால், மேலே ஒரு கீறல்கூடத் தெரியாவிட்டாலும் அதைத் திரும்ப அணியக் கூடாது. அதில் நம்மைக் காப்பது பளபளக்கும் மேலோடு அன்று, அதற்குள் இருக்கும், நாம் தெர்மோகோல் என்று அழைக்கிற பாலிஸ்டைரீன் நுரை. தலை மோதும் நொடியில் அந்த நுரையின் நுண்ணறைகள் நசுங்கி, மோதலின் விசையைத் தாமே வாங்கிக்கொள்கின்றன. நசுங்கியவை மறுபடி உப்புவதில்லை. ஆகவே ஒருமுறை வேலை செய்த தலைக்கவசம் அந்த இடத்தில் இரண்டாம் முறை வேலை செய்யாது. எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது என்பது மருத்துவருக்கு உதவக்கூடும் என்பதால் அதை நாற்புறமும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, வேறு யாரும் எடுத்து அணியாதபடி வார்களை வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள். நண்பர் இரவல் கொடுப்பதையும், பழைய பொருளாக விற்பனைக்கு வருவதையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்க வேண்டும். அவற்றின் கடந்தகாலம் நமக்குத் தெரியாது.

புதியதை எப்போது வாங்குவது என்பதிலும் நிதானம் தேவை. படுக்கையில் இருக்கும்போதே இணையத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடும் ஆவல் பலருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது. தையல் போடுவதற்காக முடி மழிக்கப்பட்ட தலையும், வீக்கம் வடியாத தலையும் சில வாரங்களில் அளவு மாறும் என்பதால், அப்போது எடுத்த அளவை நம்பி வாங்கியது பிறகு இறுக்கமாகவோ தொளதொளவென்றோ ஆகிவிடும். அடிபட்டதில் மூளை குலுங்கி, மூளை அதிர்ச்சிக்கு உள்ளானவர்களுக்கு அவசரப்பட வேண்டிய தேவையும் இல்லை. 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டு மருத்துவ வல்லுநர்கள் வகுத்த படிநிலைகளின்படி, முதல் ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின் நடை, நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள் என்று தொடங்கி, படிக்குக் குறைந்தது 24 மணி நேரம் விட்டு, அறிகுறிகளைக் கவனித்துக்கொண்டே மேலே ஏற வேண்டும். தலை மீண்டும் அடிபடக்கூடிய செயல்கள் அறிகுறிகள் முற்றிலும் அடங்கி மருத்துவர் அனுமதித்த பின்னரே. வீட்டுக்குள் மிதிக்கும் அந்த நாட்களில் அளவெடுக்கவும் கடைக்குப் போய் அணிந்து பார்க்கவும் போதிய அவகாசம் கிடைக்கும்.

கடையில் முதலில் பார்க்க வேண்டியது உட்புறத்தில் ஒட்டியிருக்கும் சீட்டு. இந்தியாவில் சைக்கிள் ஓட்டுபவர்கள் தலைக்கவசம் அணிய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதால், வாங்குபவர்தான் விழிப்பாக இருக்க வேண்டியிருக்கிறது. "ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறது சார்" என்று கடைக்காரர் காட்டுவது பெரும்பாலும் ஐஎஸ் 4151 என்னும் தரத்தின்படி மோட்டார் சைக்கிளுக்காகச் செய்யப்பட்டதாக இருக்கும். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள, காற்றுப் புகாத அதை அணிந்துகொண்டு நம் வெயிலில் பத்து கிலோமீட்டர் மிதிப்பது நடக்கிற காரியமல்ல. சைக்கிளுக்கு உரியவை ஐரோப்பாவின் ஈஎன் 1078, அமெரிக்காவின் சிபிஎஸ்சி, ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் பின்பற்றும் ஏஎஸ்/என்இசட்எஸ் 2063 ஆகிய தரங்கள். இவற்றுள் ஒன்றின் பெயரோடு, தலைச் சுற்றளவு, தயாரித்த காலம் ஆகியவையும் அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றுமே அச்சிடப்படாத தலைக்கவசம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது தொப்பிதான்.

அந்தச் சீட்டு எதை உறுதி செய்கிறது என்பதையும் அடிபட்டவர் தெரிந்துகொள்வது நல்லது. ஈஎன் 1078 சோதனையில், தலை வடிவ மாதிரியில் தலைக்கவசத்தை மாட்டி, நொடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 19.5 கிலோமீட்டர் வேகத்தில், தட்டையான இரும்பின்மீது விழச் செய்கிறார்கள். அப்போது தலைக்குள் உணரப்படும் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 250 மடங்கைத் தாண்டக் கூடாது. அமெரிக்கத் தரத்தில் விழும் உயரம் 2 மீட்டர், வரம்பு 300 மடங்கு. இந்த வரம்புகள் மண்டை உடைவதையும் மூளை கடுமையாகச் சேதமாவதையும் மனத்தில் வைத்து விதிக்கப்பட்டவை. மூளை அதிர்ச்சி இதைவிடக் குறைந்த விசையிலேயே வரக்கூடும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் நாற்பது ஆய்வுகளையும் அவற்றில் இடம்பெற்ற, அடிபட்ட 64,000க்கும் மேற்பட்ட சைக்கிள் ஓட்டிகளின் தரவுகளையும் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, தலைக்கவசம் அணிந்தவர்களுக்குக் கடுமையான தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு சுமார் 69 சதவீதம் குறைவாக இருந்தது. மிகப் பெரிய பயன் அது. ஆனாலும், ஒருமுறை மூளை அதிர்ந்தவர் புதிய தலைக்கவசம் வாங்கிவிட்ட துணிச்சலில் அனுமதிக்கு முன்பே சாலைக்கு வருவதற்கு அது நியாயம் ஆகாது.

சாலையில் விழுபவரின் தலை நேராக மோதுவது அரிது. சாய்வாக மோதி, ஒரு திருகு திரும்புகிறது. அந்தச் சுழற்சியே மூளைத் திசுவை இழுத்து வருத்துகிறது என்பதால், அதைக் குறைக்கும் அமைப்புகள் இப்போது வந்திருக்கின்றன. ஸ்டாக்ஹோமில் நரம்பியல் அறுவை மருத்துவர் ஹான்ஸ் வான் ஹோல்ஸ்டும் பொறியியலாளர் பீட்டர் ஹால்டினும் உருவாக்கிய மிப்ஸ் இவற்றில் பரவலாக அறியப்பட்டது. நுரைக்கும் தலைக்கும் இடையே உள்ள மெல்லிய வழுக்குத் தகடு மோதலின்போது 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை நகர்ந்துகொடுக்கிறது. தலையில் ஏற்கெனவே அடிபட்டவர்கள் இப்படியொரு அமைப்பு உள்ளதையே வாங்க வேண்டும் என்பது என் கருத்து. அமெரிக்காவின் விர்ஜினியா டெக் ஆய்வகம் சுழற்சியையும் சேர்த்து அளந்து, 2018 முதல் சைக்கிள் தலைக்கவசங்களுக்கு நட்சத்திர மதிப்பீடு வெளியிட்டு வருகிறது. நட்சத்திரம் கூடுவதும் புள்ளி எண் குறைவதும் நல்லதன் அடையாளம். அந்தப் பட்டியலில் மேல் வரிசையில் நிற்பவற்றுள் விலை குறைந்தவையும் இருப்பதால், பணத்தைக் கொட்டினால்தான் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டியதில்லை.

இனி அளவு. ஐந்து நட்சத்திரம் பெற்றதாக இருந்தாலும் தலையில் ஆடினால் அதனால் பயனில்லை. புருவத்துக்கு ஒரு விரல்கடை மேலே, காதுகளுக்குச் சற்று மேலாக, பின்மண்டையின் புடைப்பைச் சுற்றி டேப்பை ஓட்டி அளந்துகொள்ளுங்கள். ஒரே சுற்றளவுள்ள இரு தலைகளில் ஒன்று வட்டமாகவும் மற்றொன்று நீள்வட்டமாகவும் இருக்கும் என்பதால், எண் பொருந்தினாலும் அணிந்து பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. பின்புறத் திருகை முழுவதும் தளர்த்தி, தலைக்கவசத்தைப் பின்பக்கம் சரியவிடாமல் நேராக வையுங்கள். முன்விளிம்புக்கும் புருவத்துக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். பிறகு திருகை இறுக்கி, தாடை வாரைப் பூட்டாமலேயே குனிந்து தலையை ஆட்டுங்கள். விழாமல் நெற்றித் தோலோடு சேர்ந்து அசைந்தால் சரியான பிடி. வார்கள் காதுமடலுக்குக் கீழே வி வடிவில் கூட வேண்டும். தாடைக்கடியில் ஒன்றிரண்டு விரல் நுழையும் இடம் போதும். மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் அதோடும், பின்னல் போடுபவர்கள் பின்னலோடும் அணிந்து பார்க்க வேண்டும்.

தலையில் அடிபட்டவர்களுக்கு இந்த அளவு விஷயம் இன்னும் நுட்பமானது. இறுக்கமான தலைக்கவசம் தானாகவே ஒரு தலைவலியைத் தரும். அழுத்தம் தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வந்து, கழற்றிய ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுவது அதன் இயல்பு. மூளை அதிர்ச்சியிலிருந்து மீண்டுகொண்டிருப்பவர் அதை விபத்தின் எச்சம் என்று எண்ணிப் பயந்துபோகலாம். அதைவிட ஆபத்தாக, விபத்தின் எச்சமாக உள்ள தலைவலியைத் தலைக்கவசத்தின் மேல் பழிபோட்டு அலட்சியமும் செய்யலாம். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. வாங்கிய அன்றே சைக்கிளை எடுக்காமல், வீட்டில் நாளிதழ் படிக்கும்போதோ தொலைக்காட்சி பார்க்கும்போதோ முக்கால் மணி நேரம் அணிந்திருங்கள். வீட்டார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். உட்கார்ந்த நிலையிலேயே வலித்து, கழற்றியதும் மறைந்தால் தலைக்கவசத்தை மாற்றுங்கள். உட்கார்ந்திருக்கையில் வலிக்காமல், மிதிக்கும்போது மட்டும் வந்து நீடிக்கிற வலி என்றால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

தழும்பு உள்ளவர்கள், அதன்மேல் பஞ்சுத் திண்டின் ஓரமோ பின்புறத் தாங்கியின் விளிம்போ உட்காருகிறதா என்று கண்ணாடியில் பார்க்க வேண்டும். திண்டுகளை இடம் மாற்றி ஒட்டிக்கொள்ளலாம். நுரையைக் கத்தியால் செதுக்கி இடம் உண்டாக்குவது எக்காரணம் கொண்டும் கூடாது. மண்டையோட்டில் அறுவை நடந்தவர்கள், எலும்பு திரும்ப வைக்கப்பட்டவர்கள், தகடு பொருத்தப்பட்டவர்கள் ஆகியோருக்குக் கடைக்காரரின் யோசனையும் என் யோசனையும் போதா. வாங்கிய தலைக்கவசத்தையே கையில் எடுத்துக்கொண்டு அடுத்த பரிசோதனைக்குப் போய், அறுவை செய்த மருத்துவர் முன் அணிந்து காட்டிக் கேளுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் அதை அங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் அவர்களுக்குச் சிறு அடியும் உள்ளே பெரிய கசிவாகலாம்.

கழுத்தில் அடிபட்டவர்கள் எடையைப் பார்க்க வேண்டும். சைக்கிள் தலைக்கவசங்கள் பெரும்பாலும் 250 முதல் 350 கிராமுக்குள் இருக்கும். கையில் தூக்கும்போது அந்த நூறு கிராம் வித்தியாசம் தெரியாது, குனிந்த கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு மணி நேரம் தலையை நிமிர்த்தி வைத்திருக்கும்போது தெரியும். முன்னால் நீண்ட மறைப்பு உள்ளவற்றையும் இவர்கள் தவிர்க்கலாம், ஏனெனில் சாலையைப் பார்ப்பதற்காகத் தலையை இன்னும் கொஞ்சம் பின்னுக்கு வளைக்க வேண்டியிருக்கும். வெளிச்சம் கூசுகிறவர்களுக்கு மாறாக அந்த மறைப்புதான் உதவி. அதனால் கடையில் நின்றபடி பார்க்காமல், முடிந்தால் ஒரு சைக்கிளில் உட்கார்ந்து, ஓட்டும் நிலையில் பாருங்கள். திரும்பிப் பார்க்கக் கழுத்து ஒத்துழைக்கவில்லை என்றால் கண்ணாடியைக் கைப்பிடியில் பொருத்துங்கள். தலைக்கவசத்தில் எதையும் முளைக்க விட வேண்டாம்.

காறை எலும்போ மணிக்கட்டோ முறிந்தவர்களுக்குக் கொக்கிதான் சங்கடம். எனக்குக் காறை எலும்பு முறிந்து சேர்ந்தபின் பல வாரங்களுக்குக் கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாமல், சாதாரணக் கொக்கியோடு ஒவ்வொரு காலையும் போராடினேன். காந்தக் கொக்கி வைத்தவை கிடைக்கின்றன. இரு முனைகளையும் அருகே கொண்டுபோனால் தாமே பூட்டிக்கொள்ளும், ஒரு கை போதும். ஆனால் ஒரு கைதான் வேலை செய்கிறது என்றால் இரண்டு பிரேக்குகளையும் எப்படிப் பிடிப்பீர்கள் என்று என் எலும்பு மருத்துவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. கொக்கியின் வசதி, ஓட்டத் தகுதி வந்தபின் கிடைக்கும் வசதி மட்டுமே. தாடையில் அடிபட்டவர்கள், வார் தாடை நுனியில் ஏறாமல் தொண்டைக்கு மேலே அடித்தாடையில் படிகிறதா என்று வாயை அகலத் திறந்து பார்க்க வேண்டும்.

நம் ஊர் வெப்பத்தில் காற்றுத் துளைகள் ஆடம்பரம் அல்ல. வியர்வை கண்ணில் இறங்கினால் கை கைப்பிடியை விட்டுப் போகும். திண்டுகளைக் கழற்றிச் சோப்பு நீரில் அலசிக் காய வையுங்கள். பெட்ரோல், தின்னர் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது, வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் வைக்கக் கூடாது. விழாமலேயே இருந்தாலும் ஐந்து ஆண்டுகள் ஆனதும் மாற்றிவிடுவது உத்தமம்.

முதல் சவாரி போக்குவரத்து இல்லாத அதிகாலையில், பத்து பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். திரும்பியதும் தலைக்கவசத்தைக் கழற்றிக் கண்ணாடி முன் நின்று நெற்றியைப் பாருங்கள். சுற்றிலும் சீராக மங்கிய தடம் இருந்தால் சரி. ஒரே இடத்தில் மட்டும் சிவந்த புள்ளி விழுந்திருந்தால் அந்த வடிவம் உங்கள் தலைக்கு உரியதல்ல. அதனால்தான் அந்த நாள்வரை பெட்டியைக் கிழிக்காமலும் ரசீதைத் தொலைக்காமலும் வைத்திருக்கச் சொல்கிறேன்.