எக்ஸ்டென்ஷன் டியூப்: காலி வளையத்தில் எங்கே சறுக்குகிறோம்

சின்னப் பொருளைக் கிட்டத்தில் பெரிதாக எடுக்க உதவும் எக்ஸ்டென்ஷன் டியூப் கைக்கு வந்த முதல் நாள், கேமராவோடு வந்த 18-55 மி.மீ. ஜூம் லென்ஸை 18 மி.மீ.யில் வைத்து, பின்னால் 36 மி.மீ. டியூபை மாட்டி ஒரு பூவைக் குறிபார்த்தேன். வெறும் மங்கல். முன்னே போனேன், பின்னே வந்தேன், ஃபோகஸ் வளையத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருகினேன். முன்கண்ணாடி பூவில் இடித்த பிறகும் எதுவும் தெளியவில்லை. டியூப் பழுது என்றே முடிவு கட்டிவிட்டேன். டியூபில் ஒரு கோளாறும் இல்லை, என் கணக்குதான் தப்பு.

டியூபுக்குள் கண்ணாடி கிடையாது. லென்ஸை சென்சாரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைக்கும் காலி வளையம், அவ்வளவுதான். லென்ஸ் எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு பக்கத்தில் இருக்கும் பொருளை அது ஃபோகஸ் செய்யும், பொருளும் பெரிதாக விழும். டியூபின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால், அதாவது 18, 50, 200 என்று லென்ஸின் பெயரில் வரும் மி.மீ. எண்ணால், வகுத்தால் கூடுதலாகக் கிடைக்கும் உருப்பெருக்கம் ஏறக்குறைய வந்துவிடும். சென்சாரில் விழும் உருவம் பொருளின் உண்மை அளவிலேயே இருந்தால் அது ஒரு மடங்கு. 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 25 மி.மீ. டியூப் என்றால் 0.5 மடங்கு. லென்ஸுக்கு ஏற்கெனவே உள்ள 0.15 அல்லது 0.2 மடங்கு இதோடு சேரும். அதே டியூப் 200 மி.மீ. லென்ஸில் 0.125 மடங்குதான் கூட்டும்.

என் 18 மி.மீ. கதைக்கு வருவோம். 36 வகுத்தல் 18, இரண்டு மடங்கு. கேட்க ஜோராக இருக்கும். ஆனால் அந்த நிலையில் பொருள் தெளிவாகத் தெரிய வேண்டிய இடம் லென்ஸின் உள்ளேயே விழுந்துவிடுகிறது. பூவைக் கண்ணாடிக்குள் நுழைக்கவா முடியும்? இப்படி மி.மீ. எண் குறைந்த வைடு லென்ஸோடு டியூப் போடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. தொடங்க 50 மி.மீ. பிரைம் லென்ஸ், அதாவது ஜூம் இல்லாதது, போதும். கென்கோ மாதிரியான நிறுவனங்களின் டியூப் செட்டுகளில் 12, 20, 36 மி.மீ. என மூன்று வளையங்கள் இருக்கும். மூன்றையும் அடுக்கினால் 68 மி.மீ., 50 லென்ஸில் ஒரு மடங்கைத் தாண்டிவிடும். ஆனால் எடுத்த எடுப்பில் மூன்றையும் மாட்ட வேண்டாம். 12ல் ஆரம்பித்து, கை பழகிய பின் கூட்டுங்கள்.

இன்னொரு பக்கம், நீளமான லென்ஸுக்கு டியூப் வீண் என்று ஒதுக்குவதும் சரியில்லை. 50 லென்ஸில் ஒரு மடங்கு எடுக்கும்போது பொருளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே சில சென்டிமீட்டர்தான் இருக்கும். தட்டான் அவ்வளவு கிட்டே நம்மை விடாது. விட்டாலும் லென்ஸின் நிழல் அதன் மேல் விழும். 200 அல்லது 300 மி.மீ. லென்ஸில் டியூப் போட்டால் உருப்பெருக்கம் குறைவுதான், ஆனால் தள்ளி நின்று எடுக்கலாம். வண்ணத்துப்பூச்சி அளவுள்ளதற்கு அது தாராளம். நீள லென்ஸில் ஒரு மடங்கே வேண்டும் என்றால் டியூபை விட முன்னால் திருகும் குளோஸ்-அப் லென்ஸ் பொருத்தம். அதன் கணக்கு தலைகீழ், லென்ஸ் நீள நீள அது கூடுதலாகப் பெருக்கும்.

வாங்கும்போது நடக்கும் தவறு ஒன்று இருக்கிறது, பணம் மிச்சம் என்று நினைத்து மாட்டிக்கொள்வது. மின் தொடர்பு ஊசிகள் இல்லாத வெறும் உலோக வளையங்கள் மிக மலிவாகக் கிடைக்கும். அவற்றில் கேமராவும் லென்ஸும் பேசிக்கொள்ளாது. கேனான் இஎஃப் லென்ஸ் என்றால் அபெர்ச்சர், அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளை, முழுதாகத் திறந்தபடியே நிற்கும். நிக்கானின் ஜி வகை லென்ஸில் நேர்மாறு, அபெர்ச்சர் சுருங்கிக்கொண்டு வியூஃபைண்டரே இருண்டுபோகும். மிரர்லெஸ் லென்ஸ்கள் பலவற்றில் ஃபோகஸ் வளையமே மின்சாரத்தில்தான் இயங்குகிறது, ஆக அதுவும் போயிற்று. கேனான்காரர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. லென்ஸை நேரடியாக கேமராவில் மாட்டி, அபெர்ச்சரை எஃப் 8ல் வைத்து (எஃப் எண் கூடக் கூடத் துளை சுருங்கும்), எவ்வளவு ஆழம் தெளிவாக விழும் என்று முன்கூட்டிக் காட்டும் டெப்த் ஆஃப் ஃபீல்டு பிரிவியூ பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே லென்ஸைக் கழற்றினால் அபெர்ச்சர் அப்படியே நிற்கும். ஒவ்வொரு தடவையும் இதைச் செய்ய எனக்குப் பொறுமை இல்லை. அபெர்ச்சர் வளையம் உள்ள பழைய மேனுவல் லென்ஸ் வீட்டில் கிடந்தால் வெறும் வளையம் தாராளமாகப் போதும். இல்லையென்றால் ஊசிகள் உள்ளதையே வாங்குங்கள்.

அடுத்தது பலரும் கவனிக்காதது. லென்ஸ் தள்ளிப் போகப் போக சென்சாரில் விழும் வெளிச்சம் குறையும். ஒரு மடங்கில் இரண்டு ஸ்டாப் போய்விடும், ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது. தானியங்கி அளவீடு அதைச் சரிக்கட்டிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை, ஆனால் ஷட்டர் வேகம் நான்கில் ஒரு பங்காகிவிட்டிருக்கும். அபெர்ச்சர் எண்ணும் திரையில் காட்டுவது போல இல்லை. எஃப் 8 என்று காட்டினாலும், ஒரு மடங்கில் அது நடந்துகொள்வது எஃப் 16 போல. இது புரியாமல், எல்லாம் தெளிவாக வரட்டும் என்று எஃப் 22க்குப் போகிறவர்கள் உண்டு. அங்கே அது எஃப் 44க்குச் சமம். டிஃப்ராக்ஷன், அதாவது பள்ளியில் விளிம்பு விளைவு என்று படித்தது, படம் முழுவதையும் மொழுமொழுவென்று ஆக்கிவிடும். ஒரு மடங்கையொட்டி எடுக்கும்போது நான் எஃப் 8, மிஞ்சினால் எஃப் 11ஐத் தாண்டுவதில்லை.

எஃப் 8ல், ஒரு மடங்கில், 36 மி.மீ. அகல சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் தெளிவாக விழும் ஆழம் கிட்டத்தட்ட 1 மி.மீ. மட்டுமே. அபெர்ச்சரைச் சுருக்கி இதை வெல்ல முடியாது என்பதால் கோணத்தால்தான் சமாளிக்க வேண்டும். வண்ணத்துப்பூச்சி இறக்கையை மூடி உட்கார்ந்திருந்தால் சென்சார் அந்த இறக்கைக்கு இணையாக இருக்கும்படி நகருங்கள். அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் இறக்கை முழுவதும் அடங்கிவிடும். கொஞ்சம் சாய்ந்தாலும் பாதி இறக்கை கரைந்துபோகும். எறும்பையோ சிலந்தியையோ நேருக்கு நேர் எடுக்கும்போது கண் தெளிவாக இருந்தால் போதும், பின்னங்கால் மங்குவதைப் பார்க்கிறவர் பொருட்படுத்த மாட்டார். உடல் முழுவதும் வேண்டுமென்றால் ஃபோகஸை நூலிழை நூலிழையாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து மென்பொருளில் அடுக்கலாம், பூச்சி அசையாமல் இருந்தால்.

ஆட்டோஃபோகஸை நம்புவதும் வேலைக்கு ஆகாது. லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தேடிக்கொண்டே இருக்கும். மேனுவலுக்கு மாறுங்கள், ஆனால் அதற்காக வளையத்தைத் திருகிக்கொண்டே இருக்கவும் வேண்டாம். வளையத்தை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, உடம்பை மில்லிமீட்டர் கணக்கில் முன்னும் பின்னும் அசைத்து, கண் தெளியும் நொடியில் அழுத்த வேண்டும். மூச்சை விட்டு முடித்த இடைவெளியில் அழுத்தினால் கை கொஞ்சம் அடங்கும். நான் பத்து எடுத்தால் இரண்டு தேறும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

50 மி.மீ. லென்ஸ்தானே, கை நடுக்கம் தெரியாமலிருக்க 1/50 நொடி போதும் என்ற பழைய வாய்ப்பாடும் இங்கே செல்லாது. ஒரு மடங்கில் கேமரா ஒரு மி.மீ. நகர்ந்தால் சென்சாரில் படமும் ஒரு மி.மீ. நகரும், அதாவது ஃபுல் ஃபிரேம் சென்சாரின் 36 மி.மீ. அகலத்தில் 36ல் ஒரு பங்கு. அசையாத பொருளுக்கு ட்ரைபாடும் 2 நொடி டைமரும் போதும். பூச்சிக்கு ஃபிளாஷ்தான் வழி, அதன் மின்னல் மிகக் குறுகிய நேரமே இருப்பதால் நடுக்கம் தெரியாது. கேமராவின் தலையில் எழும் சின்ன ஃபிளாஷ் உதவாது. லென்ஸின் நிழல் சரியாகப் பூச்சியின் மேல் விழும். தனி ஃபிளாஷை லென்ஸின் முனைக்கு அருகே கொண்டுவந்து, முன்னால் ஒரு வெள்ளைத் தாளையாவது பிடியுங்கள். தாள் இல்லாவிட்டால் வண்டின் முதுகில் சுடர்விடும் வெள்ளைப் புள்ளி ஒன்றுதான் மிஞ்சும்.

சில்லறை விஷயங்களும் உண்டு. லென்ஸின் முனையில் மாட்டும் ஹூடைக் கழற்றிவிடுங்கள், இருக்கிற கொஞ்ச இடைவெளியையும் அது தின்றுவிடும். பிளாஸ்டிக் டியூபின் முனையில் கனமான ஜூமைத் தொங்கவிடாதீர்கள். டியூபின் உட்புறம் பளபளவென்று இருந்தால் படம் வெளிறிப்போகும், உள்ளே ஒளி உறிஞ்சும் கறுப்புத் தாள் ஒட்டிக்கொள்ளலாம். மலிவான வளையங்களில் உலோகத் துகள் ஒட்டியிருப்பதுண்டு, மாட்டும் முன் ஊதிவிடுங்கள்.

டியூப் இருக்கும்வரை தூரத்துப் பொருள் எதுவும் தெளியாது. அடுத்த வாரம் மலை மங்கலாகத் தெரிந்தால், லென்ஸை சர்வீசுக்குக் கொண்டுபோகும் முன் அதன் பின்பக்கத்தை ஒருமுறை தடவிப் பாருங்கள்.