டி டைப் ஜாகுவார்: ஹெட்டைக் கழற்றும் முன் இதைப் படியுங்கள்

போன வாரம் பட்டறையில் ஒரு பையன் ஜாகுவார் எஞ்சினின் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் பாகத்தை, கழற்றி அலுங்காமல் தூக்கி வந்தான். பெஞ்ச் மேல் பழைய பேப்பர் விரித்து வைத்திருந்தான். அடுத்து என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். இருபது வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் பேப்பர் விரித்தேன். நான் போட்ட சத்தத்தில் அவன் ஹெட்டைக் கீழே போடாமல் இருந்ததே பெரிய விஷயம்.

நான் வேலை பார்ப்பது இங்கிலாந்தில், கோவன்ட்ரி பக்கம். பழைய ஜாகுவார்கள்தான் பிழைப்பு. எப்போதாவது ஒரு டி டைப் வரும். 1955, 56, 57 என்று மூன்று வருடம் தொடர்ந்து லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்த கார். அதில் கைவைப்பவர்கள் செய்யும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன். ஆயில் ஊற்ற மறப்பது, போல்ட்டை முறுக்க மறப்பது போன்றவை இங்கே வேண்டாம். அதற்கெல்லாம் தானாகவே புத்தி வந்துவிடும்.

ஹெட்டைக் கவிழ்த்து வைக்காதீர்கள்

டி டைப்பில் இருப்பது எக்ஸ்.கே. எஞ்சின். ஆறு சிலிண்டர், 3442 சிசி, இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், அதன் மேல் வால்வுகளைத் திறக்கும் தண்டுகளான இரண்டு கேம் ஷாஃப்ட். எரியறை அரைக்கோள வடிவம். காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் இன்லெட் வால்வு ஒரு பக்கமும், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு எதிர்ப்பக்கமும் சாய்ந்து நிற்கும். முழுசாகத் திறந்த வால்வு ஹெட்டின் அடிமட்டத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆறு சிலிண்டர் என்பதால் கேம் எந்த நிலையில் நின்றாலும் ஏதோ ஒரு வால்வு திறந்துதான் இருக்கும். அப்படியே கவிழ்த்து வைத்தால் மொத்தப் பாரமும் அந்த ஒன்றிரண்டு வால்வு மேல்தான்.

ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கேஸ்கெட் தகடு உட்காரும் பரப்பில் கீறல் விழக்கூடாது என்ற அக்கறையில்தான் அன்று பேப்பர் விரித்தேன். பூப்போல இறக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். எல்லாம் மாட்டி ஸ்டார்ட் செய்தபோது எஞ்சின் குலுங்கியது. கார்புரேட்டரைச் சந்தேகப்பட்டேன், பிளக்கை மாற்றினேன், இக்னிஷனைக் குடைந்தேன். இரண்டு நாள் போயிற்று. கடைசியில் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் சேரும் அழுத்தம், பார்த்தால் இரண்டு சிலிண்டரில் ஒன்றுமே இல்லை. திரும்பக் கழற்றினால் இரண்டு இன்லெட் வால்வு வளைந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத வளைவு. கண்ணாடி மேல் உருட்டினால்தான் தெரிந்தது. புது வால்வு, புது கேஸ்கெட், ஒரு வாரக் கூலி. முதலாளி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த இரண்டு வால்வையும் கம்பியில் கோத்து என் பெஞ்சுக்கு மேலே தொங்கவிட்டார். ஐந்து வருடம் தொங்கியது. இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான்.

இதே குடும்பத்துத் தவறு இன்னொன்று. இந்த எஞ்சினில் ஒரு வசதி உண்டு. கேம் ஷாஃப்டைப் பல்சக்கரத்தோடு பிணைக்கும் போல்ட்களை எடுத்துவிட்டால், பல்சக்கரமும் செயினும் தங்கள் தாங்கியிலேயே நின்றுகொள்ளும். செயினைப் பிரிக்காமலே ஹெட் வந்துவிடும். இந்தச் சுலபம்தான் ஆபத்து. பிணைப்பு போன பிறகு ‘சும்மா கொஞ்சம்’ என்று ஒரு கேமைத் திருப்பினால் இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் ஒன்றோடொன்று மோதும். ஹெட் பிளாக் மேலேயே இருந்தால் பிஸ்டனும் சேர்ந்துகொள்ளும். இந்தப் பயம் ஜாகுவார்க்காரர்களுக்கே இருந்தது. பந்தயத்துக்காக இன்லெட் வால்வைப் பெரிதாக்கியபோது, இரண்டும் முட்டாமல் இருக்க எக்ஸாஸ்ட்டை 35 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சாய்த்தார்கள். அந்த ஹெட்டுக்கு ‘35/40’ என்றே பேர்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஹெட்டை வைக்கும்போது அதன் இரண்டு முனைக்கு அடியிலும் முனைக்கொரு மரக்கட்டை. என் கட்டைகளுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன். யாரும் அடுப்பெரிக்க எடுத்துப் போகக்கூடாது.

ஆயில் குறைகிறதே என்று ஊற்றாதீர்கள்

முன்பகுதி தாழ்வாக இருக்க வேண்டும் என்று டி டைப்பில் எஞ்சினை 8.5 டிகிரி சாய்த்து வைத்தார்கள். எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் ஆழமான சம்ப்பையும் எடுத்துவிட்டார்கள். ஆயில் தனித் தொட்டியில் இருக்கும். ஒரு பம்ப் அதை எஞ்சினுக்குத் தள்ளும், இன்னொன்று அடியில் சேர்வதை உறிஞ்சித் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும். கார் இரண்டு வாரம் சும்மா நின்றால் ஆயில் மெல்லக் கசிந்து கீழே இறங்கிவிடும். தொட்டியைப் பார்த்தால் அளவு குறைந்த மாதிரி இருக்கும். அதை நம்பி ஊற்றி ஸ்டார்ட் செய்தால், கீழே இருந்ததெல்லாம் மேலே வந்து வழிந்து தரையெல்லாம் ஆயில். எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தியதும் அளவு பாருங்கள்.

பந்தயத்துக்கு முந்தைய வாரம் புதுமை வேண்டாம்

1952இல் ஜாகுவாரே செய்த தவறு இது. இத்தாலியின் மில்லே மில்யா சாலைப் பந்தயத்தில் மெர்சிடஸ் 300 எஸ்.எல். காரின் வேகத்தைப் பார்த்து ஜாகுவார் ஓட்டுநர் ஸ்டெர்லிங் மாஸ் எச்சரிக்க, லே மானுக்கு சில வாரமே இருக்கும்போது டி டைப்புக்கு முந்தைய பந்தயக் காரான சி டைப்புக்கு நீண்ட, தாழ்ந்த மூக்கு வைத்தார்கள். அதற்குள் அடங்கும்படி ரேடியேட்டர் ஏற்பாட்டையும் மாற்றினார்கள். சரியாகச் சோதிக்க நேரமில்லை. மூன்று காரும் சூடேறி ஆரம்பத்திலேயே வெளியேறின. அடுத்த வருடம் பழைய மூக்கோடும் புது டிஸ்க் பிரேக்கோடும் வந்து 1, 2, 4ஆம் இடங்களைப் பிடித்தார்கள். பிரேக்கும் புதுசுதானே என்பீர்கள். அதை முந்தின வருடமே ஓட்டிப் பார்த்துவிட்டார்கள்.

துடுப்பு இல்லாவிட்டால் போலியா?

ஓட்டுநர் தலைக்குப் பின்னால் மீன் துடுப்பு போல எழும்பி நிற்கும் பகுதியைத்தான் துடுப்பு என்கிறேன். அது இல்லை என்பதற்காகப் போலி என்று முடிவு கட்டாதீர்கள். டி டைப்பையே எக்ஸ்.கே.எஸ்.எஸ். என்ற பெயரில் சாலைக்கென மாற்றியவை 16. அவற்றில் துடுப்பு கிடையாது.

ஸ்பேனர்

காரில் அங்குல மரை, இத்தாலிய வெபர் கார்புரேட்டரில் மில்லிமீட்டர் மரை. கைக்கு வந்ததை மாட்டாதீர்கள்.

சக்கர நட்டு

சக்கரத்துக்கு ஒரே பெரிய நட்டுதான், சுத்தியலால் தட்டித்தான் அவிழ்க்க வேண்டும். இடப்பக்க மரையும் வலப்பக்க மரையும் எதிரெதிர். நட்டு மேல் இருப்பதைப் படித்துவிட்டுச் சுத்தியலை எடுங்கள். அவிழ்க்கும் திசைக்கு நட்டு மேலேயே அம்புக்குறி இருக்கிறது.